பூனையின் வேட்டைப் பழக்கமும் கமக்காரரும்

நெல் வைத்திருக்கும் வீட்டிற் பூனையும் இருப்பது எமது ஊர்களின் நெடுநாள் வழக்கம். மாட்டை உழவுக்கும் நாயைக் காவலுக்கும் வளர்த்த கமக்காரர், பூனையை எலிக்காகவே வளர்த்தனர். ஆனால் மாட்டையும் நாயையும் பழக்கி எடுத்தவர்கள் பூனையை அதன் போக்கிலே விட்டுவிட்டனர். அது எதைப் பிடிக்கின்றது, எங்கே பிடிக்கின்றது, எந்நேரத்திற் பிடிக்கின்றது என்பவற்றைக் கவனிப்போர் மிகச் சிலர். இதனாற் பூனையிடமிருந்து பெறக்கூடிய பயன் முழுவதும் கிடைப்பதில்லை. தோட்டத்துக்கு உதவும் பிராணிகள் வீணே அழிகின்றன. சில வேளைகளிற் பூனையும் அழிகின்றது. பூனையின் வேட்டையை எவ்வாறு ஓர் ஒழுங்கிற்குட் கொண்டுவரலாம் என்பதை இப்பிரசுரம் விளக்கும்.

வயலுக்குப் பூனை காவலாகுமா?

ஆகாது. இதனை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. பூனையை நம்பி எலி ஒழிப்பு வேலைகளைக் கைவிடும் கமக்காரர் இன்றும் உளர்.

இரணைமடுக் குளத்தின் கீழ்க் காலபோகம் செய்த ஒருவர், நெல் குடலைப் பருவத்தை அடைந்தபோது நான்கு பூனைகளைக் கொண்டுசென்று வயற் கொட்டிலில் வைத்தார். நாள்தோறும் அவற்றுக்கு மீனும் சோறும் கொண்டுசென்றார். கதிர் முற்றும் வேளையில் யாம் அவ்வயலைப் பார்வையிட்டோம். வரம்போரமாக நின்ற பயிர் செழிப்பாகவே தோன்றிற்று. உள்ளே இறங்கிப் பார்த்தபோது வயலின் நடுவிலே பெரியதொரு வட்டத்தில் நெல்லின் தாள்கள் சாய்வாக வெட்டப்பட்டு விழுந்து கிடந்தன. வெட்டியவை வயலெலிகள். கொட்டிலைச் சுற்றியோ எலியின் எச்சம் ஒன்றும் இல்லை. புலுனிக் குருவியின் இறகுகளும் அரணைகளின் வால்களுமே கிடந்தன. பூனைகள் வேட்டையாடியிருந்தன, ஆனால் அவர் விரும்பியதை அன்று.

அவ்வயலுக்கு எலி வந்த காரணத்தை அறிவது கடினமன்று. ஒருபுறத்தில் அகன்ற வரம்பு புல்மண்டிக் கிடந்தது. மறுபுறத்தில் ஒரு காணி செய்கையின்றிக் காடு பற்றியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் மற்றவர்களினும் பிந்தி விதைத்திருந்தார். அயல் வயல்கள் அறுவடையானதும் அங்கிருந்த எலிகள் எல்லாம் பச்சையாக நின்ற ஒரே வயலுக்குக் குடிபெயர்ந்தன. நான்கு பூனைகள் அல்ல, நாற்பது பூனைகள் இருந்திருந்தாலும் அந்நட்டத்தைத் தடுத்திருக்க மாட்டா.

வயலில் வாழும் எலிகளுட் சில, வளை தோண்டி அதன் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே தங்குவன. பூனையோ வளையைத் தோண்டிச் சென்று பிடிக்கும் பிராணியன்று. பதுங்கியிருந்து பாய்வதே அதன் முறை. மேலும், வளர்ந்த பெருச்சாளி பூனையை எதிர்த்துக் கடிக்க வல்லது. பூனை அதனை விட்டுவிட்டுச் சுண்டெலி, இளம் எலி, ஓணான், குருவி என எளிதில் அகப்படுவதையே நாடும். இதற்காகப் பூனையைச் சோம்பேறி என்று பழிப்பது பொருந்தாது. காயம்படாமல் இரை தேடுவது எந்த வேட்டைப் பிராணிக்கும் இயல்பு.

அமெரிக்காவில், நியூயோர்க் நகரின் புறூக்லின் பகுதியிலுள்ள ஒரு கழிவுப்பொருள் நிலையத்தில் எலிகளும் பூனைகளும் ஒருங்கே வாழ்வதை ஆய்வாளர் படக்கருவிகள் வைத்து 79 நாட்கள் கவனித்தனர். பூனைகள் எலிகளைக் கொன்றமை அக்காலத்தில் இரண்டு முறையே பதிவாயிற்று. 2018ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு மற்றுமோர் உண்மையையும் காட்டிற்று. பூனைகள் நடமாடிய நாட்களில் எலிகள் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டு மறைவிடங்களிலேயே கூடுதலாகத் திரிந்தன. எமது வீடுகளிலும் இவ்வாறு நிகழக்கூடும். பூனை வந்தபின் எலியைக் காணவில்லை என்று மகிழ்பவர், கூரையின் மேலும் சாக்குகளின் பின்னும் பார்த்த பின்னரே மகிழ்தல் வேண்டும்.

பூனையினாற் பயன் விளையும் இடம்

அவ்வாறாயிற் பூனையினாற் பயனே இல்லையா எனக் கேட்கலாம். பயன் உண்டு. அது வயலில் அன்று. வீட்டிலும் களஞ்சியத்திலும் அவற்றை அடுத்த சிறு சுற்றிலுமே உண்டு.

இங்கிலாந்தின் விலங்கியல் அறிஞரான சார்ள்ஸ் எல்ற்றன் பண்ணைப் பூனைகளைப் பற்றிய தமது ஆய்வை 1953ஆம் ஆண்டில் வெளியிட்டார். எலிகள் ஏற்கெனவே பெருகியிருக்கும் பண்ணையைப் பூனைகளால் துப்புரவாக்க இயலவில்லை. ஆனால் முதலில் வேறு வழிகளால் எலிகளை ஒழித்துவிட்டு, அதன்பின் பூனைகளை அங்கேயே உணவூட்டி நிறுத்தியபோது, கட்டிடங்களுக்குள்ளும் அவற்றின் அண்மையிலும் எலிகள் மீண்டும் குடியேறாமல் அவை தடுத்தன. கமக்காரர் இந்த ஒழுங்கை மனத்திற் கொள்ளல் வேண்டும். முதலில் எலியை ஒழித்தல். பின்னர் பூனையைக் காவலுக்கு வைத்தல். பொறியின் வேலையைப் பூனையிடம் கொடுக்கலாகாது.

ஆகவே விதைநெல்லைக் களஞ்சியத்தில் ஏற்றுமுன் அதனை வெறுமையாக்கிக் கூட்டுக. பழைய சாக்குகளை வெயிலில் உதறுக. சுண்டெலி நுழைவதற்குச் சிறுவிரல் புகாத துவாரமும் போதும் என்பதை நினைவில் வைத்துச் சுவரிலும் கதவின் கீழும் உள்ள இடைவெளிகளைத் தகரத்தாலும் சீமெந்தினாலும் அடைக்க. சாக்குகளை நிலத்தில் வையாது பலகைமேல் அடுக்கி, சுவருக்கும் அடுக்குக்கும் இடையே ஒருவர் நடந்து பார்க்கத்தக்க வெளி விடுக. பூனைக்கும் அவ்வெளியே வேட்டைநிலம். சுவரோடு ஒட்டி அடுக்கிய சாக்குகளின் பின்னாற் பூனை நுழைய இயலாது, எலி நுழையும். கூரையைத் தொடும் மரக்கிளைகளையும் தறித்துவிடுதல் வேண்டும்.

பட்டினி போடுதல் தவறு

பூனைக்குச் சோறிட்டால் அது எலி பிடியாது என்று பலர் எண்ணுகின்றனர். இதனால் அதனை அரைப்பட்டினியாகவே வைத்திருக்கின்றனர். இது பெருந்தவறு. பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. வயிறு நிறைந்த பூனையும் எதிரே அசைவதைக் கண்டாற் பாயும். பிடித்ததை உண்ணாமல் முற்றத்திற் போட்டுவிட்டுப் போவதை எல்லோரும் கண்டிருப்பர். மூஞ்சூற்றைக் கொன்றுவிட்டு அதன் நாற்றத்தால் உண்ணாது விடுவதும் இதனாலேயே. பட்டினிப் பூனையோ வீட்டில் நிற்பதில்லை. அது அயல்வீட்டு அடுக்களைக்கும் கோழிக்கூட்டுக்கும் போகும். கோழிக்குஞ்சின் சுவையை ஒருமுறை கண்ட பூனையைத் திருத்துவது எளிதன்று. குஞ்சுகளைக் கூடையாற் கவிழ்த்து வைப்பதே அதற்கு மருந்து.

பூனை ஊனுண்ணும் பிராணி. வெறும் சோறும் பாலும் அதற்குப் போதா. தோரின் எனப்படும் ஒரு சத்தைப் பூனையின் உடல் வேண்டிய அளவு ஆக்கிக்கொள்ள மாட்டாது. மீனிலும் இறைச்சியிலும் இருந்தே அதைப் பெறல் வேண்டும். அது நீண்டகாலம் குறைந்தால் கண்பார்வை கெடும், இருதயமும் நலியும். பார்வை மங்கிய பூனை எந்த எலியைப் பிடிக்கும்? சூடை, கீரி முதலிய மலிவான மீன்களையோ மீன்தலைகளையோ உப்பிடாது அவித்து, முள்நீக்கிச் சோற்றுடன் பிசைந்து கொடுத்தல் நன்று.

உணவிடும் நேரமும் இடமும் முக்கியமானவை. பூனையின் வேட்டைநேரம் பெரும்பாலும் அந்திப்பொழுதும் விடியற்காலையும். எலி புறப்படுவது இருட்டிய பின்னர். குருவிகள் இரைதேட நிலத்துக்கு இறங்குவதோ விடியலில். ஆதலால் மாலை மங்கும் வேளையில், நெல் வைத்திருக்கும் கொட்டிலிலேயே பூனைக்கு உணவிட்டு, தண்ணீரும் வைத்து, இரவில் அதனை அங்கேயே நிறுத்துதல் வேண்டும். காலையில் வெயில் ஏறிய பின்னரே வெளியே விடுக. நெற்சாக்குகளைப் படங்கினால் மூடி, ஒரு மூலையில் மணல் நிரப்பிய பெட்டியொன்றை வைத்தால் நெல் அசுத்தமாகாது. இரண்டொரு கிழமை தவறாது செய்யின் பூனை தானாகவே அந்தியில் வந்து கொட்டில் வாசலிற் காத்திருக்கும். இதற்குப் பணச்செலவு இல்லை; வேண்டியது ஒழுங்கு மாத்திரமே.

தோட்டத்தின் நண்பர்கள்

மரக்கறித் தோட்டஞ் செய்வோர் இப்பகுதியைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். புலுனி கூட்டமாக வந்து சருகைக் கிளறிப் பூச்சிகளையும் புழுக்களையும் தின்கின்றது. குண்டுக்கரிச்சானும் மைனாவும் அவ்வாறே. செண்பகம் நத்தைகளையும் பெரிய பூச்சிகளையும் பிடிக்கின்றது. ஓணானும் அரணையும் பகல் முழுவதும் பூச்சி தின்கின்றன. தேரை இரவில் அவ்வேலையைச் செய்கின்றது. நாற்றமுள்ளதென்று நாம் வெறுக்கும் மூஞ்சூறுங்கூடக் கரப்பானையும் பூச்சிகளையும் உண்பதாகும். அது எலியினத்தைச் சேர்ந்ததன்று. கூலி கேளாத இவ்வேலையாட்களை ஒவ்வொன்றாகப் பூனை கொன்றுவிட, நாம் கடையிற் கிருமிநாசினி வாங்குகின்றோம்!

பூனையின் மீது கோபங்கொள்வதாற் பயனில்லை. உருத்திராக்கம் பூண்ட பூனையின் கதையை நாம் அறிவோம். அது விரதம் காக்கப்போவதில்லை. அது வேட்டையாடும் இடத்தையும் நேரத்தையும் மாற்றுவதே நம்மால் இயல்வது. மேற்கூறியவாறு விடியலில் அடைத்து வைப்பதாற் குருவிகள் பெரிதும் தப்பும். கூடு கட்டியுள்ள மரத்தின் அடியில், நிலத்திலிருந்து ஆள் உயரத்தில், வழுவழுப்பான தகரத்தைச் சுற்றி அடித்தாற் பூனை ஏறமாட்டாது. தென்னையில் எலி ஏறாமல் தகரம் அடிப்பது போன்றதே இதுவும். பறக்கப் பழகும் குஞ்சுகள் நிலத்தில் விழுந்து திரியும் சில நாட்களிற் பகலிலும் பூனையை உள்ளே வைத்திருத்தல் நன்று.

இங்கிலாந்தின் எக்செற்றர் பல்கலைக்கழகத்தினர் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடயத்திற் கவனிக்கத்தக்கது. இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு பெற்ற பூனைகள் வீட்டுக்குக் கொணர்ந்த இரை 36 வீதம் குறைந்தது. நாள்தோறும் ஐந்து முதற் பத்து நிமிடம் வீட்டார் விளையாட்டுக் காட்டிய பூனைகளில் 25 வீதம் குறைந்தது. பளிச்சிடும் நிறங்களையுடைய துணிப்பட்டி அணிந்த பூனைகள் கொணர்ந்த பறவைகள் 42 வீதம் குறைந்தன. எலியினம் பிடிப்பதில் அப்பட்டி மாற்றம் செய்யவில்லை. பறவைகள் நிறங்களை நன்கு அறிந்து தப்பிக்கொள்வதே காரணம். கழுத்தில் மணி கட்டிய பூனைகளிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பூனைக்கு மணி கட்டுவது யார் என்று பழமொழி கேட்கின்றது. கட்டியும் பயன் பெரிதில்லை போலும்.

அவை ஆங்கில நாட்டு வீட்டுப் பூனைகள். எமது கொட்டிற் பூனைக்கு அதே வீதங்கள் பொருந்தும் என்று கொள்ளலாகாது. ஆயினும் நிறப்பட்டியின் தத்துவம் எங்கும் ஒன்றே. சிவப்பும் மஞ்சளும் கலந்த பழைய சேலைத்துண்டில் இரண்டங்குல அகலமான பட்டி தைத்துக் கட்டிப் பார்க்கலாம். பட்டிக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைதல் வேண்டும். முடிச்சிடாது, இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய நூலாற் பொருத்துக. இல்லாவிடின் வேலியிற் சிக்கிப் பூனை இறக்க நேரும். நல்லுணவு கொடுத்தால் எலி பிடிப்பதும் குறையுமே எனச் சிலர் ஐயுறலாம். சிறிது குறையலாம். எனினும் களஞ்சியத்தை விட்டகலாது நிற்கும் பூனை, எங்கோ அலைந்து நிறையப் பிடிக்கும் பூனையிலும் மேல் என்பதே எமது கருத்து.

குட்டியைத் தெரிதல்

எலி பிடிக்கும் தாயின் குட்டியையே கேட்டு வாங்குக. தாய்ப்பூனை முதலிற் செத்த இரையையும் பின்னர் உயிருள்ள இரையையும் கொணர்ந்து குட்டிகளின் முன் விட்டுப் பழக்குகின்றது. எதனைத் தாய் கொணர்கின்றதோ அதனைப் பிடிப்பதிலேயே குட்டியும் பிற்காலத்தில் வல்லதாகும். எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரித்தல் ஆகாது.

ஒரு வீட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு பூனைகள் போதும். பெண்பூனை ஏறக்குறைய ஐந்து மாதத்திற் சினைப்படக்கூடும். சினைக்காலம் ஒன்பது கிழமை. ஆண்டில் இரண்டு மூன்று முறை ஈனும். வேண்டாத குட்டிகளைச் சந்தையிலும் குளக்கட்டிலும் கொண்டுபோய் விடுவது இரக்கமற்ற செயல் மாத்திரமன்று, அவை அங்கே காடேறிக் குருவிகளை அழிப்பதற்கும் வழியாகும். கால்நடை வைத்தியரைக் கொண்டு கருத்தடை செய்வித்தலே முறை. கருத்தடை செய்த பூனை எலி பிடியாது என்பது ஆதாரமற்ற பேச்சு. அது ஊர்சுற்றாது வீட்டில் நிற்பதால் எமக்கு நன்மையே. விசர்நோய்த் தடுப்பூசியையும் ஆண்டுதோறும் ஏற்றுவித்தல் வேண்டும். பூனை கடித்தால் அல்லது பிறாண்டினால், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்க.

பூனை கொணரும் எலியும் நோயும்

பூனை எலியைக் கொன்று வாசலிற் போட்டால், அதனை வாலிற் பிடித்து வீசுவது பலரின் வழக்கம். இவ்வழக்கம் ஒழிதல் வேண்டும். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி எலியின் சிறுநீரில் வெளிப்பட்டு, நீரிலும் சேற்றிலும் இருந்து, எமது தோலிலுள்ள சிறு காயங்களின் வழியே உட்புகுகின்றது. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் இந்நோய் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் சந்தேகிக்கப்பட்டது. இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2024ஆம் ஆண்டு டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்திலும் இந்நோய் பரவி உயிர்களைக் கொண்டது. இறந்தவர்களின் குடும்பத்துக்கு ஒரு போகத்தின் விளைச்சல் ஈடாகாது. செத்த எலியை மண்வெட்டியால் எடுத்து ஆழப் புதைக்க. வயலில் இறங்குமுன், நோய்த்தடுப்பு மாத்திரை பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிக. காய்ச்சலும் தசைநோவும் கண்டால், வயலில் வேலை செய்வதை வைத்தியரிடம் மறவாது சொல்லுக. வீட்டில் நல்ல பூனை உண்டு என்பது வயற்சேற்றில் எவரையும் காப்பாற்றாது.

மற்றொரு நோய் பூனையின் மலத்தால் வருவது. எலியையும் குருவியையும் பச்சையாக உண்ணும் பூனை, தொட்சோபிளாசுமா என்னும் நுண்ணுயிரை அவற்றிலிருந்து பெற்று மலத்தோடு வெளிவிடக்கூடும். கருவுற்ற பெண்ணுக்கு இது தொற்றினால் வயிற்றிலுள்ள பிள்ளைக்குக் கேடு நேரலாம். ஆடுகளிற் கருச்சிதைவும் உண்டாகும். பூனை விரும்பிக் கழிப்பது எங்கே? புதிதாகக் கொத்திப் பொடியாக்கிய நாற்றுமேடையிலும் கீரைப்பாத்தியிலுமே. ஆகவே விதை போட்டவுடன் பாத்தியை வைக்கோலால் மூடி, இலந்தை முள்ளையோ பழைய வலையையோ பரப்பிவிடுக. தோட்டத்தின் ஒரு புறத்திற் பூனைக்கென மணல் குவித்து வைத்தால் அது அங்கேயே போகப் பழகும். மலத்தை அன்றன்றே அகற்றிப் புதைத்தல் வேண்டும். வெளிப்பட்டு ஒரு நாளாவது சென்ற பின்னரே அது தொற்றும் தன்மை அடைகின்றது. கருவுற்றோர் இவ்வேலையைச் செய்யலாகாது. கீரையைப் பலமுறை கழுவிச் சமைக்க.

காட்டில் வாழும் பூனைகள்

வயலோரத்தில் இரவிற் காணப்படும் பூனையெல்லாம் வீட்டுப்பூனையல்ல. காட்டுப்பூனையும், உருவிற் சிறிய துருப்புள்ளிப் பூனையும் எலிகளைத் தின்று வாழ்பவை. நீர்நிலைகளை அண்டிக் கொடுப்புலி எனப்படும் மீன்பிடிப் பூனை வாழ்கின்றது. இவற்றைக் கொல்வதும் குட்டிகளைப் பிடித்து வளர்ப்பதும் சட்டத்தாற் தடுக்கப்பட்டவை. வயலுக்கு உண்மையான காவலர் இவையும் சாரைப்பாம்பும் ஆந்தையுமே. ஆந்தை வந்து குந்துவதற்கு வயலில் இடையிடையே குறுக்குத்தடி வைத்த கம்புகளை நாட்டுக.

நஞ்சு வைப்பதற்கு முன்

வயலெலியை ஒழிப்பது ஒருவரால் ஆகும் வேலையன்று. வாய்க்காலின் கீழுள்ள எல்லோரும் ஒரே காலத்தில் விதைத்து, வரம்புகளை ஒடுக்கித் துப்புரவாக்கி, வளைகளை ஒரே நாளில் வெட்டிப் பொறிகளையும் வைத்தாலன்றி எலி குறையாது. போகத் தொடக்கத்தில் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், நீர் திறக்கும் திகதியோடு எலி ஒழிப்பு நாளையும் தீர்மானிக்குமாறு கமக்காரர் அமைப்பினரைக் கேளுங்கள்.

நஞ்சு வைக்க நேர்ந்தால், அயலார் அனைவருக்கும் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். எமது பிரிவிலே கணவனை இழந்த ஒரு தாய், அடுத்த போகத்துக்கான விதைநெல் முழுவதையும் சிறு அறையொன்றில் வைத்து, ஒரு பூனையை அதற்குக் காவலாக வளர்த்தார். அடுத்த வளவில் நஞ்சு வைத்தவர் அவருக்குச் சொல்லவில்லை. நான்காம் நாள் பூனை மூக்கால் இரத்தம் வடிய அடுப்படியில் வந்து படுத்தது, அன்றிரவே இறந்தது. அடுத்த மாதத்தில் எலிகள் மூன்று சாக்குகளைக் கிழித்துவிட்டன. நஞ்சு வைத்தவர் கெட்டவர் அல்லர்; அவர் பூனையை நினைக்கவில்லை, அவ்வளவே. விதைப்பு நாளில் அம்மா விதைநெல்லைக் கடனாக வாங்க வேண்டியதாயிற்று.

எலிநஞ்சுகள் இரு வகைப்படும். நாகபொசுபைட்டு என்னும் கருநிறத் தூள் சில மணித்தியாலங்களில் எலியைக் கொல்லும். எலியின் இரைப்பையில் எஞ்சிய நஞ்சு பூனைக்கும் ஆபத்தாகலாம். மற்றையது குருதி உறைவதைத் தடுக்கும் வகை. அதைத் தின்ற எலி சில நாட்கள் தள்ளாடித் திரிந்த பின்னரே சாகும். தள்ளாடும் எலி பூனைக்கு எளிய இரை. இவ்வகையிற் புரோடிபக்கூம் போன்றவை ஈரலில் நீண்டகாலம் தங்குவதால், ஓரெலியால் நேராத கேடு பல எலிகளால் நேரும். ஆதலால் வீட்டையும் களஞ்சியத்தையும் அண்டி நஞ்சு வையாது பொறியே வைக்க. வயலில் நஞ்சு வைத்த நாள் முதல் இரண்டு கிழமையேனும் பூனையை அடைத்து வைத்து உணவிடுக. நாள்தோறும் விடியலில் வயலைச் சுற்றிச் செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைக்க.

பூனை சோர்ந்து, ஈறு வெளுத்து, மூக்கிலோ மலத்திலோ இரத்தம் கண்டால் வீட்டு வைத்தியஞ் செய்து நேரத்தைப் போக்கலாகாது. குருதியுறைவைத் தடுக்கும் நஞ்சுக்கு மாற்றாக விற்றமின் கே ஒன்று உண்டு. காலந்தாழ்த்தாது கொடுத்தாற் பிழைக்கும். கால்நடை வைத்தியரிடம் போகும்போது, வைத்த நஞ்சின் பொதியையும் அயலாரிடம் கேட்டு வாங்கி உடன் எடுத்துச் செல்க.